கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் ஒரு வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று என்னிடம் வண்டி ஓட்டக் கற்கும் பல் டாக்டர் ரவுண்டானாவில் இன்ஜினை மறுபடி மறுபடி நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "சார், பல்லு புடுங்கும்போதுகூட எனக்கு இப்படிக் கை நடுங்கினதில்ல" என்றார். "பரவாயில்ல டாக்டர், மெதுவா, அவசரமே இல்ல" என்றேன். என் குரல் எனக்கே தேன் மாதிரி இருந்தது. வண்டி கற்க வருபவர்களிடம் நான் பேசுகிற குரலில் வீட்டில் ஒரு நாள் மனைவியிடம் பேசினால், இவள் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவாள்.

சாயந்திரம் வீட்டு ஓனர் நேரிலேயே வந்தார். நேரில் வந்தாலே விஷயம் பெரிது. முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார், அப்புறம் மழையைப் பற்றி, அப்புறம் வாடகையைப் பற்றி. ஏற்றப் போகிறாராம். அதுவும் கொஞ்சம் நஞ்சமில்லை. "இந்த ஏரியாவுக்கு இதுவே கம்மிங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க" என்றார். அவர் உட்கார சோபாவை மடக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அதுதான் எங்கள் கட்டில். சோபாவில் ஆள் உட்கார்ந்தால் ஃபிரிட்ஜ் திறக்காது. ஆகவே மனிதர் தண்ணீர் கேட்டபோது எழுந்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

அவர் போனதும் பெரியவள் கேட்டாள்: "வருஷா வருஷம் வாடகை வளருதுன்னா, வீடும் கொஞ்சம் வளரணும் இல்லப்பா?"

பதினைந்து வயதில் இப்படிப் பேசுகிறாள். எங்கே போய் முடியுமோ.

மார்ச் 4, புதன்

வீட்டில் இன்று யாரும் வாடகையைப் பற்றிப் பேசவில்லை. சின்னவன் மட்டும் "வாடகைன்னா என்ன?" என்றான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் "சாப்பிடு" என்றோம்.

மார்ச் 8, ஞாயிறு

மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். இவளுடைய அண்ணன். பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தைத் தாண்டி, அதற்கப்புறமும் ஒரு பாட்டு முழுசாகக் கேட்கிற தூரம் போனால் அவர் குடியிருக்கும் இடம் வரும். இரண்டு வருஷமாக "வந்துடுங்க மாப்பிள, வந்துடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் தெருவிலேயே குறைந்த வாடகையில் ஒரு வீடு காலியாகிறதாம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சும்மா!

மாடிப்படி இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே மாடிப்படி! மேலே இரண்டு அறை, கீழே ஒன்று. எல்லா அறைக்கும் கதவு. ஃபிரிட்ஜைத் திறக்க யாரும் எழுந்து நிற்க வேண்டாம். நான் மேலே ஏறினேன். என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கினேன். "ஏதோ மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினேன். நாலாவது தடவை சின்னவனும் கூடச் சேர்ந்துகொண்டான். மச்சான் கீழே நின்று, "மாப்பிள, படி எங்கயும் ஓடிப் போகாது" என்றார்.

வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன். மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். மனிதர் வாழ்நாள் ஆசையையெல்லாம் சுவரில் தீர்த்துக்கொண்டிருக்கிறார். எங்கே பார்த்தாலும் சுவிட்ச். படியின் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று. ஒன்றைத் தட்டினேன், பின்பக்கம் தோட்டத்தில் விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. "அது எதுக்குங்க?" என்றேன். "எதுக்காவது ஆகும்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

தெருவைப் பற்றியும் எழுத வேண்டும். மற்றவர்கள் ஒரு ஏரியாவில் தண்ணீர் பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் பார்ப்பார்கள். நான் பார்ப்பது பார்க்கிங். எங்கள் பக்கத்தில் ஒரு காரை நிறுத்துவதென்றால் ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. இங்கே கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தலாம். ஊரே வந்து நிறுத்தினாலும் மிச்சம் இருக்கும். இவ்வளவு சுலபமாக இருந்தால் என்னிடம் எவன் கற்றுக்கொள்ள வருவான்? பிழைப்பு போச்சு! இருந்தாலும் சிரித்துக்கொண்டேதான் நிறுத்தினேன்.

இவள் மட்டும் சமையலறை ஜன்னல் பக்கத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இங்க பஸ் எப்படி?" என்று கேட்டாள்.

"காலையில ஒண்ணு வரும், சாயந்திரம் ஒண்ணு போகும். நடுவுல எதுவும் வந்துச்சுன்னா டிரைவர் வழி தப்பிட்டார்னு அர்த்தம்" என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தோம். இவள் சிரிக்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. திரும்பி வரும் வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன், ரேடியோ மாதிரி.

மார்ச் 9, திங்கள்

"எனக்கு இங்கயே பிடிச்சிருக்கு." காலையில் எழுந்ததும் இவள் சொன்ன முதல் வார்த்தை. சோபாவை மடக்கிக்கொண்டே சொன்னாள்.

என்ன பிடித்திருக்கிறது இங்கே? எதிரே நாய்க்கு முடி வெட்டும் கடை. அதற்குப் பக்கத்தில் நாய்க்குச் சட்டை தைக்கும் கடை. அந்த நாய்களுக்கு எங்களைவிடப் பெரிய அறை இருக்கும். "ராணியம்மாவுக்கு இந்த அரண்மனைய விட மனசில்ல போல" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

மார்ச் 11, புதன்

இன்று பேசினாள். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நடந்தே வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்று சொன்னாள்.

"இங்க எனக்கு ரெண்டு கால் இருக்குங்க. கடைக்கு நடக்கிறேன், மார்க்கெட்டுக்கு நடக்கிறேன், சின்னவனக் கூட்டிட்டு வர நடக்கிறேன். யாரையும் கேக்கறதில்ல. அங்க போனா என் கால் உங்க கார்ல இருக்கும். பால் வேணும்னாலும் 'என்னங்க, எப்ப ஃப்ரீ?'ன்னு கேக்கணும். உங்க ஸ்டூடண்ட்ஸ் மாதிரி நானும் நேரம் குறிச்சு வாங்கணுமா?"

நான் படிப்பை இடையில் விட்டவன். சில விஷயம் எனக்கு மெதுவாகத்தான் ஏறும். இது ஏறியது.

ஏறியதும் எனக்குள் விளக்கு எரிந்தது, அந்த எலக்ட்ரீஷியன் வீட்டு விளக்கு மாதிரி. "அடிப் பைத்தியமே! வண்டி ஓட்டக் கத்துக்க! உன் வீட்லயே ஒரு வாத்தியார் இருக்கானே!"

இவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை குறைவாகவும் பயம் கூடுதலாகவும் இருந்தது. எனக்கு அது சந்தோஷத்தில் தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

வாத்தியார் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு மிதிப்பதற்கு. பல் டாக்டருடன் போகும்போது ஒரு வாரத்தில் ஒருமுறை மிதிப்பேன். இன்று இவளுடன் தெருமுனை போவதற்குள் நான் மிதித்த மிதியில் பிரேக்கே சூடாகியிருக்கும். அவள் ஒன்றும் தப்பாக ஓட்டவில்லை. அதுதான் வேடிக்கை. பூனை ஒன்று மதில் மேல் தூங்கிக்கொண்டிருந்தது — மிதித்தேன். தூரத்தில் ஒரு சைக்கிள் — மிதித்தேன். மரம் ஒன்று அது நின்ற இடத்திலேயே நின்றது — அதற்கும் மிதித்தேன். "கிளட்ச்! கிளட்ச்! அட கிளட்ச்சுன்னா அது இல்ல!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான்.

பின்சீட்டில் பெரியவள், "அப்பா, அம்மா ஓட்டறாங்களா, நீ ஓட்டறியா?" என்றாள்.

இவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அழகாகவே நிறுத்தினாள். சாவியை என் மடியில் வைத்தாள். "உங்க ஸ்டூடண்ட்ஸ்கிட்ட நீங்க யாரு, என்கிட்ட நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே காரை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு, "ஏறும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று கெஞ்சிக்கொண்டு வந்தேன். கார் கூரையில் எங்கள் டிரைவிங் ஸ்கூல் போர்டு வேறு. 'பொறுமையே எங்கள் பெருமை' என்று பெரிதாக எழுதியிருக்கும்.

மார்ச் 16, திங்கள்

போர்டில் அந்த வரியை மட்டும் துணி போட்டு மூடலாமா என்று யோசிக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

இந்த வாரம் இவள் கடையிலிருந்து தாமதமாகத்தான் வருகிறாள். சரக்குக் கணக்கு எடுக்கிறார்களாம். வருஷம் பூராவும் எடுக்காத கணக்கை இப்போதுதான் எடுக்க வேண்டுமா? வந்தாலும் முகத்தில் அலுப்பே இல்லை. கன்னம் சிவந்து, என்னவோ ஓட்டப் பந்தயம் ஓடி வந்தவள் போல இருக்கிறாள். கேட்டால் "ஒண்ணுமில்ல, வெயில்" என்கிறாள். ஆறரை மணிக்கு என்ன வெயில்?

வீட்டைப் பற்றி இன்று பெரியவளிடம் கேட்டேன். பள்ளிக்கூடம் மாற வேண்டியிருக்குமே, தோழிகளை விட வேண்டியிருக்குமே என்று. "எனக்குக் கோபம் வந்தா சாத்தறதுக்கு ஒரு கதவு வேணும்பா. இங்க இருக்கிற ஒரே கதவு பாத்ரூம் கதவு. அதைச் சாத்தினா நீ வெளியே நின்னு தட்டற" என்றாள்.

சின்னவன் படியைப் படமாக வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். படி மட்டும்தான். வீடு இல்லை.

ஆனால் இவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என் ஆசைக்கு அவளுடைய இரண்டு காலையும் எடுத்துவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமையிலும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் வாடகையைக் கட்டிவிடலாம். பிள்ளைகள் என்னைப் படத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 26, வியாழன்

எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "அப்படிங்களா" என்றார். "அந்த சுவிட்ச் எதுக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கும்.

மதியம் பல் டாக்டருக்கு ரிவர்ஸ் பார்க்கிங் பாடம். மார்க்கெட் பின்னால் உள்ள சந்து. இரண்டு பக்கமும் கார், நடுவில் ஒரு இடம், அதிலும் பாதி இடத்தைக் குப்பைத்தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் மூன்றாவது முறையும் பிளாட்பாரத்தில் ஏறிவிட்டு, வண்டியை வெளியே எடுத்தார். அப்போது எதிர்ப்பக்கம் ஒரு மஞ்சள் கார் வந்தது. நம்ம ஏரியாவில் என்னைத் தவிர இருக்கிற ஒரே டிரைவிங் ஸ்கூல். அதன் வாத்தியாரும் நானும் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். போன வருஷம் என் ஸ்டூடண்ட்ஸ் இரண்டு பேர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த வருத்தம்.

மஞ்சள் கார் நின்றது. இண்டிகேட்டர் போட்டது. அப்புறம் அது பின்னால் வந்து அந்த இடத்தில் நுழைந்த அழகு இருக்கிறதே! ஒரே வளைவு. உறையில் கத்தி போகிற மாதிரி. பிளாட்பாரத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு கைக்குட்டைதான் போகும்.

வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு, "பாத்தீங்களா டாக்டர், இதுதான் பார்க்கிங். அவசரம் கிடையாது, பயம் கிடையாது. யார் அந்த ஸ்டூடண்ட்டோ, கையெடுத்துக் கும்பிடணும்" என்றேன்.

கதவு திறந்தது. ஸ்டூடண்ட் இறங்கி, டயர் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குனிந்து பார்த்தார்.

என் பொண்டாட்டி!

அப்புறம் என்ன நடந்தது? நான் இறங்கினேனா, விழுந்தேனா தெரியவில்லை. எதிரில் நின்றேன். அவளும் நிமிர்ந்தாள்.

"இங்க என்னங்க பண்றீங்க?"

"என் வேலையப் பாக்கறேன். நீ?"

"நானும் உங்க வேலையத்தான் பாக்கறேன்."

மஞ்சள் கார் வாத்தியார் இறங்கி வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வீட்டம்மான்னு எனக்கு முந்தாநாள்தான் தெரியும்" என்றார். அவரிடம் பல் டாக்டர், "நீங்க எவ்வளவு வாங்கறீங்க?" என்று கேட்டார். அதை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"சரக்குக் கணக்குன்னு சொன்னியே?"

"கத்துக்கிட்டா அந்த வீட்டுக்குப் போகலாம். வரலன்னா சத்தமில்லாம விட்டுடலாம்னு நெனச்சேன். உங்ககிட்ட சொன்னா தினம் ராத்திரி சோபாலயே கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் குடுப்பீங்க." அப்புறம், புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டாள்: "அந்த வீடு இன்னும் இருக்கா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கூடவே நேற்று பேசிய போனும் நினைவுக்கு வந்தது. "நேத்துதான் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மச்சானுக்குப் போட்டேன். "அவர் போனை வீட்ல வச்சுட்டுத் தோட்டத்துல இருப்பார் மாப்பிள. நாலு மணிக்கு யாரோ புருஷன் பொண்டாட்டி வீடு பாக்க வர்றாங்களாம். நான் ஆபீஸ்ல மாட்டிட்டிருக்கேன், ஓடுங்க" என்றார்.

நான் பல் டாக்டரைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங்கில் உட்காரப் பார்த்தேன். அதற்குள் இவள் மஞ்சள் காரில் ஏறிவிட்டாள். ஓட்டுகிற பக்கம். "சார், பெரிய ரோட்ல போகலாமா?" என்று வாத்தியாரிடம் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "போகலாம்மா" என்றார்.

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவங்க ஓட்டறாங்கன்னா நானும் ஓட்டுவேன். இறங்க மாட்டேன்" என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

ஆகவே பெரிய ரோட்டில், முன்னால் மஞ்சள், பின்னால் வெள்ளை, இரண்டு கார், இரண்டிலும் எல் போர்டு, இரண்டு வாத்தியார். மாப்பிள்ளை ஊர்வலம்கூட இதைவிட வேகமாகப் போகும். லாரிகள் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய்விட்டன. ஒரு பஸ் எங்களை முந்தியது. ஒரு தண்ணீர் லாரி முந்தியது. ஒரு டிராக்டர் முந்தியது, ஓட்டியவர் கையசைத்துவிட்டுப் போனார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார், அவர் பல்லை அவரே பார்த்துக்கொள்ளட்டும். என் காலோ பிரேக்கின் மேலேயே நின்றது. ஆனால் மிதிக்கவில்லை! ஒருமுறைகூட! ஏனென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது முன்னால் போகிற மஞ்சள் காரை. அது லைன் மாறும்போது கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேல் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக மாறியது. "டாக்டர், அவ தோளுக்கு மேல பாக்கறா! பாத்தீங்களா?" என்று நான் கத்த, "சார், நான் ரோட்டைப் பாக்கணும், விடுங்க" என்று அவர் கத்தினார்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் அந்தப் புருஷன் பொண்டாட்டி நின்றிருந்தார்கள். நல்ல உடுப்பு. எலக்ட்ரீஷியன் கைகளைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

இவள் இறங்கி நேராக அவரிடம் போனாள். "ஐயா, வீடு எங்களுக்கு வேணும்."

"உங்க வீட்டுக்காரர் நேத்து வேண்டாம்னாரே?"

"நேத்து எனக்கு ஓட்டறதுல நம்பிக்கை இல்லீங்க."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ஓட்டிட்டு வந்திருக்கேன் இல்ல?"

அவர் இரண்டு கார்களையும் பார்த்தார். டாக்டர் காரை விட்டு இறங்கி ரோட்டோரமாக உட்கார்ந்திருந்தார். அந்த நல்ல உடுப்புக்காரர் குறுக்கே வந்து, "நாங்க முன்னாடியே பேசிட்டோம். சுவிட்ச் எல்லாத்தையும் எடுத்துட்டு, சுவரைப் பூசிக் குடுத்தா எடுத்துக்கறோம்னு சொல்லிட்டோம்" என்றார்.

சுவிட்சை எடுக்கச் சொன்னதை எலக்ட்ரீஷியன் காதுபட அவர் மறுபடியும் சொல்லியிருக்க வேண்டாம்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க சுவிட்சப் பத்தி?" என்று இவளைக் கேட்டார்.

இவள் உள்ளே படியைக் கை காட்டினாள். "அங்க தட்டினா ஒண்ணும் நடக்காத அந்த ஒண்ணு, அது எதுக்குன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்றாள்.

மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கூட்டிக்கொண்டு போனார். எல்லோரும் பின்னாலேயே போனோம், டாக்டரும், மஞ்சள் கார் வாத்தியாரும். படியின் நடுவில் இருந்த சுவிட்சைத் தட்டினார். மாடிக்கு மேலே பரணுக்குள் ஒரு குட்டி விளக்கு எரிந்தது. யாரும் என்றைக்கும் ஏறிப் பார்க்காத பரண். எல்லோரும் கைதட்டினோம்.

வீடு எங்களுக்குத்தான்.

திரும்பி வரும்போது மஞ்சள் காரை வாத்தியாரே ஓட்டினார், இவளுக்குக் கை வலித்ததாம். நான் வெள்ளையை ஓட்டினேன். டாக்டர் பின்சீட்டில் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 1, புதன்

வீட்டு ஓனரிடம் காலி செய்கிறோம் என்று சொன்னோம். தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துவிட்டார். நம்பியதும் கொஞ்சம் இறங்கினார். "வேணும்னா ஏத்தினதுல பாதி குறைச்சுக்கலாம்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் தடுமாற்றம். பொய் சொல்வானேன், இந்தத் தெரு, இத்தனை வருஷம், என் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் இங்கேதான். அங்கே எனக்கு யார் வருவார்கள்?

இவள்தான் பதில் சொன்னாள். "வேண்டாங்க. மாடிப்படிக்குப் பழகிட்டோம்."

இன்னும் ஒரு நாள்கூட ஏறவில்லை. பழகிவிட்டாளாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மச்சான் தன்னுடைய பழைய நீலக் காரை இவளுக்குக் கொடுத்துவிட்டார். கடைக்காரர்கள் கண்ணாடிக் கடையின் இன்னொரு கிளைக்கு இவளை மாற்றிக்கொடுக்கிறார்கள், புது வீட்டிலிருந்து காரில் போகிற தூரம். எல்லாம் வரிசையாகக் கூடி வருகிறது. எனக்குத்தான் அடிக்கடி காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. பாடம் நடக்கும்போதும் வருகிறது. ஒரு அம்மா கோபித்துக்கொண்டார், அவர் ஓட்டுவதைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று.

மே 14, வியாழன்

லைசென்ஸ் டெஸ்ட். இவளுக்கும் இன்றுதான், பல் டாக்டருக்கும் இன்றுதான். நானும் மஞ்சள் கார் வாத்தியாரும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"உங்களுக்குப் படபடப்பா இருக்கா?" என்று கேட்டார்.

"யாருக்காக?"

"அதான் கேக்கறேன்."

அப்புறம் நானே கேட்டேன், ஒன்றரை மாதமாக உள்ளே வைத்திருந்த கேள்வி: "அவ ஓட்டும்போது நீங்க எத்தனை தடவை பிரேக் மிதிச்சீங்க?"

"மிதிக்க எங்க விட்டாங்க? முதல் நாளே, 'சார், உங்க கால மடிச்சு வச்சுக்கங்க, இல்லன்னா நான் வரல'ன்னுட்டாங்க. சம்மணம் போட்டே உட்கார்ந்து பழகிட்டேன். இப்ப எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லித் தர்றேன்" என்றார்.

முதலில் வந்தது டாக்டர். ஃபெயில். ரவுண்டானாவுக்குள் போனவர் வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தாராம், பரிசோதகருக்குத் தலை சுற்றிவிட்டதாம். அப்புறம் இவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நேராக வந்து மஞ்சள் கார் வாத்தியாரைக் கும்பிட்டாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தை என் மடியில் வைத்தாள்.

பாஸ்!

சின்னவன் வயதில்கூட நான் அப்படிக் குதித்ததில்லை. பெஞ்ச் ஒரு பக்கம் எழும்பி, மஞ்சள் கார் வாத்தியார் மறுபக்கம் சரிந்துவிட்டார்.

டாக்டர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க… அடுத்த தடவைக்கு நான் அந்த மஞ்சள் கார்ல…"

"போங்க டாக்டர். நானே சேர்த்துவிடறேன்" என்றேன். நிஜமாகவே சேர்த்துவிட்டேன்.

மே 31, ஞாயிறு

வந்துவிட்டோம். பெரியவள் இன்று ஒரு காரணமும் இல்லாமல் கதவை மூன்று முறை சாத்தினாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா பார்த்தாளாம்.

ஜூன் 16, செவ்வாய்

காலையில் எல்லோரும் போய்விட்டார்கள். இவள் பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சின்னவனை விட்டு, அப்படியே கடைக்குப் போகிறாள். நீலக் காரைப் பின்னால் எடுத்து, எதிர்வீட்டுச் சுவருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே திருப்பிப் போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

எனக்கு இந்தப் பக்கம் இதுவரை ஸ்டூடண்ட் யாரும் வரவில்லை. பழைய ஏரியாவில் இருவர் மிச்சம், வாரத்தில் சில நாள் போய் வருகிறேன். மற்ற நாளில் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்.

பத்து மணிக்கு எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்தார். கழுத்தில் டேப், கையில் ஒரு சின்ன ஊசிப் பொட்டலம், வேலையின் நடுவில் வந்த மாதிரி. "டிரைவிங் சொல்லிக் குடுக்கறது இந்த வீடுதானே?"

என்னையறியாமல் பெயிண்ட் பிரஷை வேட்டியிலேயே துடைத்துவிட்டேன். "ஆமாங்கம்மா, வாங்க, உட்காருங்க."

"அக்கா இல்லீங்களா?"

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான். தினம் காலையில அந்தக் கம்பத்தை ஒட்டி வண்டியத் திருப்பறாங்களே, நான் மிஷினை நிறுத்திட்டுப் பாப்பேன். அவங்ககிட்ட கத்துக்கணும்னு ஆசை. நேரம் இருக்குமா?"

நான் என் அனுபவத்தைச் சொன்னேன். எத்தனை வருஷம், எத்தனை பேர், எல்லாம் சொன்னேன். போர்டைக் காட்டினேன். தையல்காரம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்படீங்களா. ரொம்ப சந்தோஷம். அக்கா எப்ப வருவாங்க?"

"ஆறு மணிக்கு வந்துடுவாங்க."

"அப்ப ஆறு மணிக்கே வந்து கேட்டுக்கறேன்" என்று போய்விட்டார்.

வெள்ளைக் காரைக் கழுவி வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். வாத்தியார் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை இவளும் தையல்காரம்மாவுமே பேசிக்கொள்ளட்டும். வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் இல்லையா.